ஃபில்டரில் ஒரு பொட்டு

கொருக்குப்பேட்டை கேட் தாண்டி
தஸ்தகீர் பாய் ஷெட்டில் வண்டியை விடுவதற்கு முந்தின இரவு
ஆயில் ஃபில்டரின் அடியில்
நெயில் பாலிஷால் ஒரு பொட்டு வைத்தேன்.
சிவப்பு. மகளுடையது. பாதி காய்ந்துபோன பாட்டில்.

ஆயிரத்து எண்ணூற்று ஐம்பது ரூபாய் பில்.
ஃபில்டர் புதுசு என்று ஒரு வரி, அதற்கு இருநூற்று எண்பது.
வீட்டுக்கு வந்து குனிந்து பார்த்தேன்.
பொட்டு இருந்தது.
யாரோ துடைத்த தடத்தில் கொஞ்சம் கோணிக்கொண்டு,
ஆனால் இருந்தது.

கேட்கவில்லை.
திருவொற்றியூர் கண்டெய்னர் யார்டில்
நாள் முழுக்க சீல் நம்பர் சரிபார்ப்பவள் நான்.
சீல் உடைந்திருந்தால் யாரையும் திட்டமாட்டோம்.
பதிவேட்டில் எழுதுவோம்.
அந்தப் பெட்டி தனியாகப் போய் நிற்கும்.

அடுத்த ஞாயிறு
தண்டையார்பேட்டையில் எங்கள் சந்தில்
ஃப்ரிட்ஜ் வந்த அட்டையை விரித்து வண்டிக்கடியில் படுத்தேன்.
முன்சக்கரம் இரண்டுக்கும் ஸ்லீப்பர் கட்டை.
பதினாலாம் நம்பர் ஸ்பேனர்.
கேரம் போர்டை விட்டு எழுந்து வந்த பையன்கள்
வெளியே நீட்டியிருந்த என் பாதங்களிடம் விசாரித்தார்கள்:
"இன்னாக்கா, வண்டி புட்டுக்கிச்சா?"
"இல்லடா."
"அப்ப ஏன்க்கா கீழ படுத்துக்கினு கீற?"
பதில் சொல்ல வாய் திறந்தபோது போல்ட் கழன்றது.
சூடான கறுப்பு முழங்கை வழியாக இறங்கி
அக்குளில் போய்த் தேங்கியது.
எதிர்வீட்டு ஜெசிந்தா மாடியிலிருந்து,
"ஐநூறு ரூபா மிச்சம்.
அதுல சோப்பு வாங்கிக்க" என்றாள்.

அதுவரை சரி.
பழைய எண்ணெயை என்ன செய்வதென்று
எந்த ஸ்பேனரும் சொல்லவில்லை.
தண்ணீர் கேனில் மூன்று லிட்டர்.
சாக்கடையில் ஊற்றலாம், எல்லாரும் ஊற்றுகிறார்கள்.
அது கால்வாய்க்குப் போய்
எண்ணூர் முகத்துவாரத்தில்
கையால் துழாவி இறால் பிடிப்பவர்களின் இடுப்பில் ஏறும்.
என் சித்தப்பா மகன் அருள்தாஸ் அங்கே நிற்பவன்.
மாடிப்படிக்கடியில் கேன் நாலு மாதம் இருந்தது.
எனக்குத் தெரிந்து வாங்கிக்கொள்ள ட்ரம் வைத்திருப்பது
ஒரே ஒருவர்தான்.

பாய் கேனைத் திறந்து விரலை விட்டார்.
கட்டைவிரலோடு தேய்த்தார். முகர்ந்தார்.
"பெட்ரோல் வாடை லேசா கீது. பிளக்கைப் பாரு."
பிறகு, "யார் மாத்துனது?"
"நான்தான்."
பையிலிருந்து பழைய ஃபில்டரையும் எடுத்து வைத்தேன்,
பொட்டு மேலே தெரியும்படி.
அதையா இத்தனை நாள் வைத்திருந்தேன் என்று
எனக்கே கூச்சமாக இருந்தது.

நகத்தால் சுரண்டினார். கொஞ்சம் உரிந்தது.
பின்னால் பம்பரைக் கழற்றிக்கொண்டிருந்த பையனைக்
கூப்பிடப் போனவர்
கூப்பிடவில்லை.
அன்றைக்கு ஷெட்டில் இல்லை என்றோ
இருந்தேன் என்றோ சொல்லவில்லை.
அலமாரியிலிருந்து ஒரு புது ஃபில்டரை,
அட்டை பிரிக்காமல், என் பக்கம் நகர்த்தினார்.
டிக்கியில் போட்டேன். இன்னும் பிரிக்கவில்லை.
உள்ளே என்ன இருக்குமோ என்ற சந்தேகமா என்றால்
ஆமாம், அதுவும்தான்.

ஆயிலை இப்போதும் நானே மாற்றுகிறேன்.
பிரேக்கை மட்டும் தொடுவதில்லை.
இந்த உப்புக்காற்றில் எது எப்போது துருவாகும் என்று
கணக்கே கிடையாது.
எண்ணூர் ஹைரோட்டில் முன்னால் போகும் ட்ரெய்லர்
சட்டென்று நிற்கும்போது
என் கைவேலையை நான் நம்பமாட்டேன்.

போன மாதம் முன்சக்கரத்தைக் கழற்றிவிட்டு
அவர் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார்.
நான் ஸ்டூலிலிருந்து எழுந்து
எட்டிப் பார்த்து, உட்கார்ந்து, மறுபடி எழுந்து.
திரும்பாமலே சொன்னார்:
"பாக்குறதுன்னா நல்லா பாரு.
அப்டியே லைட்டைப் புடி."

போன் டார்ச்சைப் பிடித்தேன்.
கூட்ஸ் வண்டி ஒன்று கேட்டைக் கடந்தது,
நாற்பத்தெட்டு பெட்டி.
"ஆடாதே" என்றார்.
நானா, தரையா
தெரியவில்லை.