நாற்காலிக் கணக்கு

போனவர்கள் போகும்போது
தொலைபேசியைச் சுவரோடு பிடுங்கிப் போனார்கள்.
விளக்குகள், கழிவறைப் பீங்கான், கோப்புகளில் பாதி.
மீதிப் பாதியை முற்றத்தில் கொளுத்தினார்கள்,
மழை வந்து அணைத்தது.
கொனாக்ரியின் அக்டோபர் மழைக்கு
யார் ஆட்சி என்ற அக்கறை கிடையாது.

கொடி ஏறிய மூன்றாம் நாள்
வகுப்பிலிருந்து என்னைக் கூப்பிட்டார்கள்.
நான் பூகோள வாத்தியார்.
உலகத் தலைநகரங்களைத் தூக்கத்திலும் ஒப்பிப்பவன்.
அந்த ஒரு தகுதியில்
வெளியுறவுத் துறையின் நெறிமுறை அதிகாரி ஆனேன்,
சட்டைக் கையில் சாக்பீஸ் தூளோடு.

துறை என்பது மூன்று அறை, ஒரு தட்டச்சுப்பொறி,
இடது கை உடைந்ததால்
யாரும் தூக்கிப் போகாத ஒரு நாற்காலி.

தெனின் கமாரா நின்றபடியே தட்டினாள்.
'நாங்கள் இருக்கிறோம்' என்று
எண்பத்தோரு நாடுகளுக்குத் தெரிவிக்க வேண்டும்.
பழைய ஆளுநரின் கடிதத்தாள்தான்,
அவர் பெயரை மையால் அடித்துவிட்டு அதன் கீழே.
குடியரசு என்ற சொல்லின் முதலெழுத்து
ஒவ்வொரு முறையும் சிக்கிக்கொள்ளும்.
நகத்தால் நெம்பி விடுவாள்.
"பிறந்த பிள்ளையே வீடு வீடாகப் போய்
நான் பிறந்துவிட்டேன்னு சொல்லணுமா?" என்பாள்.

ஒன்பது பதில் வந்தது.
அதில் ஒன்று, முகவரி தவறென்று
திரும்பி வந்த எங்கள் கடிதம்.

நவம்பரில் ஒரே வாரம் இரண்டு தூதர்கள்.
செவ்வாய்க்கிழமைக்காரர் கோதுமையும் சிமெண்டும் பேசினார்,
வியாழக்கிழமைக்காரர் அரிசியும் அணைக்கட்டும்.
வந்தவரை உட்காரவைத்துவிட்டு
அமைச்சர் லன்சினே சன்னலோரம் நின்றார். வேறு வழி?
'நின்றபடி விருந்தோம்பும் புதிய ஆப்பிரிக்கா'
என்று வெளிநாட்டுப் பத்திரிகை எழுதியது.
அதைப் படித்துக் கெர்ஃபல்லா சூமாவுக்குப் புரையேறியது.

வியாழக்கிழமைக்காரர்
விடைபெறும்போது மெல்லக் கேட்டார்:
"செவ்வாயன்று வந்தவரை எங்கே அமர்த்தினீர்கள்?"
"நீங்கள் அமர்ந்த இடத்தில்தான், ஐயா."
அவர் குறித்துக்கொண்டார்.
எங்கள் அணிசேராக் கொள்கை
அன்று அப்படித்தான் பிறந்தது.
பிறகு அதற்கு நீளமான உரைகள் எழுதினோம்.

ஏப்ரலில் கப்பலில் வந்தன பன்னிரண்டு நாற்காலிகள்,
சிவப்பு வெல்வெட், நட்பு நாட்டின் அன்பளிப்பு.
இறக்கும்போது ஒன்று கடலில் விழுந்தது.
"எனக்கு நம்ம பழசு போதும்" என்று
கை உடைந்ததில் உட்கார்ந்துகொண்டான் கெர்ஃபல்லா.

யார் அருகில் யார் என்று
பென்சிலால் வரைபடம் போடுவது என் வேலையாயிற்று.
பூகோளம்தான். கடலுக்குப் பதில் மேசை.
முதலில் தூதர்களுக்கு வரைந்தேன்,
பிறகு எங்களுக்கும்.

ஒரு கூட்டத்தில் கெர்ஃபல்லா சொன்னான்:
"நின்னப்ப பேசினோம்.
உட்கார்ந்ததும் தலையாட்டுறோம்."
எல்லோரும் சிரித்தார்கள்.
லன்சினே கொஞ்சம் தாமதமாகச் சிரித்தார்.

திங்களன்று மேலிருந்து வந்த பட்டியலில்
பதினோரு பெயர்கள்.
தட்டச்சுப் பிழையாக இருக்கும் என்று
நம்பிப் பார்த்தேன்.
தெனினிடம் அப்போது புதுப்பொறி,
எந்த எழுத்தும் சிக்குவதில்லை.
அவள் தலை நிமிரவில்லை. நானும் கேட்கவில்லை.

பழைய நாற்காலியை நானே பின்னறைக்குத் தூக்கிப் போனேன்.
கனமில்லை.
உடைந்த கையின் சிலாம்பு மட்டும்
விலாவில் குத்தியது.

திரும்பி வந்து பார்த்தால்
மேசையின் ஒரு பக்கம் பல் விழுந்த வாய்.
மாலையில் விருந்தினர் வருகிறார்கள்.
பதினோரு நாற்காலிகளையும்
ஒவ்வொன்றாக
நான்கு விரல்கடை நகர்த்தினேன்.

இடைவெளி தெரியவில்லை.