பதினெட்டாவது வாய்தா

ஆகஸ்ட் பதினான்குக்குத் தள்ளிவைத்துவிட்டார்கள்.
கார்க்களம் கோர்ட்டிலிருந்து
நனைந்த குடையோடு வந்த குருதாஸ்
இடித்த புளி மாதிரி உட்கார்ந்திருக்கிறார்.
நான் பச்சரிசியை ஊறப் போட்டேன்,
கூடவே ஒரு பிடி துவரம்பருப்பு.
வேறென்ன செய்ய.

வீட்டை இரண்டாக அறுத்துக்கொண்டு வந்த சுவர்
கிணறு தாண்டியதும்
மழைத்தண்ணீர் ஓடும் வாய்க்காலில் நின்றுவிட்டது.
கொத்தனாருக்கு யார் மீதிக் கூலி கொடுப்பது என்பது
வழக்கில் ஏழாவது பத்தி.
அந்த இரண்டு முழ இடைவெளியில்
ஜூன் மழைக்குச் சேம்பு கிளம்பிவிடும்,
கறுத்த தண்டோடு,
யாரும் நடாமல்.

பத்ரடோவுக்குப் பெரிய இலை அடியில் விரிக்க வேண்டும்,
சின்னதை மேலே மேலே அடுக்க வேண்டும்.
பெரியதெல்லாம் நாகவேணி பக்கம்.
சின்னது எங்கள் பக்கம்.
இதற்கு ஒரு பாகப்பிரிவினைப் பத்திரம் எழுத
எந்த வக்கீலுக்கும் வராது.

மத்தியானம் மூன்று மணி.
அவள் கூட்டுறவுச் சங்கத்தில்
கணக்கு எழுதும் நேரம்.
எட்டிக் கை நீட்டி ஐந்து இலை அறுத்தேன்.
இலையில் கிடந்த மழைநீர்
பாதரசம்போல் உருண்டு
அவர்கள் மண்ணிலேயே விழுந்தது.
அதை வரவு வைத்துக்கொள்ளட்டும்.

நிமிர்ந்தபோதுதான் பார்த்தேன்:
எங்கள் பக்கத்தில்
நாலு தண்டு மொட்டையாக நின்றது.
வெட்டு புதிது.
சாறுகூடக் காயவில்லை.

குருதாஸிடம் சொல்லவில்லை.
சொன்னால் பத்தொன்பதாவது வாய்தாவில் அதுவும் வரும்.

மிளகாயைத் தேங்காயெண்ணெயில் வறுத்தேன்,
தேங்காய் துருவினேன்.
புளிப் பானையில் கைவிட்டால் அடி தட்டுகிறது.
மிச்சத்தை மூட்டை கட்டி
வக்கீல் வீட்டுக்குக் கொடுத்தாராம் இவர்,
நல்ல பழம்புளி, அவருக்குப் பிடிக்குமாம்.
சுரண்டியெடுத்தது கோலிக்குண்டு அளவு.
போதாது என்று தெரியும்.
தெரிந்தும் அரைத்தேன்.
கரண்டு போய்ப் போய் வந்ததில்
மாவு ரவை பதத்தில் நின்றது.
அதுவாவது சரியாக அமைந்தது.

இலையைக் குப்புறப் போட்டு
முதுகு நரம்பைச் சீவி
விரலால் மாவு பூசி
அடுத்த இலையின் நுனியை எதிர்ப்பக்கம் வைத்து
மறுபடி பூசி,
ஓரம் மடக்கி, பாய்போல் சுருட்டி
இட்லிப் பானையில் இறக்கினேன்.
அவர்கள் இலையும் எங்கள் இலையும்
இப்போது பிரித்தெடுக்க முடியாது.

முக்கால் மணி நேரம் ஆவி.
சுவர் தாண்டி வந்தது பெருங்காய வாசம்.
நான் காயத்தை எண்ணெயில் பொரிப்பேன்,
நாகவேணி தண்ணீரில் கரைப்பாள்.
பதினொரு வருடம் ஒரே அடுப்பில் நின்றோம்,
எதிலும் சண்டையில்லை,
இது ஒன்றில் மட்டும்
இருவரும் விட்டுக்கொடுத்ததில்லை.
வந்தது கரைத்த காயம்தான்.
மூக்கு சொல்லிவிட்டது.

ராத்திரி வட்ட வட்டமாக நறுக்கி
பச்சைத் தேங்காயெண்ணெய் ஊற்றிச் சாப்பிட்டோம்.
குருதாஸ் ஆறு துண்டு.
தீர்ப்பே வந்ததுபோல் முகம் தெளிந்தது.

பத்தரைக்கு ஆரம்பித்தது.
முதலில் என் தொண்டையில் ஒரு முள்.
பிறகு அவர் கனைத்தார்.
எழுந்து உட்கார்ந்து கனைத்தார்.
"புளி போட்டாயா இல்லையா?"
"வக்கீலைக் கேளுங்கள்."

மழை ஒரு நிமிடம் ஓய்ந்தது.
சுவருக்கு அந்தப்புறம்
மைத்துனர் பாண்டுரங்கர் கனைப்பது கேட்டது,
அப்பா போலவே இரட்டைக் கனைப்பு.
பிறகு ஒரு பெண் இருமல்.
பிறகு செம்பில் தண்ணீர் மொள்ளும் சத்தம்.

அவர்களும் யாருக்குப் புளி கொடுத்தார்களோ.

குருதாஸ் இருட்டில் அசையாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.
கொஞ்ச நேரம் கழித்து
இன்னொரு முறை கனைத்தார்,
இம்முறை சற்றுச் சத்தமாக,
அரிப்புக்காக இல்லை என்று எனக்குப் பட்டது.

மோரில் உப்புப் போட்டு எடுத்துவரப் போனேன்.