எண்ணூற்று ஐம்பது அடி

பாலில் இருக்கும் தண்ணீரைக்
கண்டுபிடிப்பதுதான் என் உத்தியோகம்.
வெள்ளகோவில் பக்கம், முத்தையன்வலசு பால் சொசைட்டி,
காலை ஐந்தரை, மாலை நான்கு.
மண்ணில் இருக்கும் தண்ணீருக்கு
லாக்டோமீட்டர் இல்லை என்பதால்
மாரப்பண்ணன் வந்தார், உள்ளங்கையில் தேங்காயோடு.

கிளுவை வேலியோரம் தேங்காய் எழுந்து நின்றது.
"அண்ணன் வெச்ச எடம் பொய்ச்சதே இல்லீங்"
என்றார் கூட வந்தவர்.
பொய்த்த இடங்களில் எனக்குக் கால் இடறியிருக்கிறது.
இட்டேரி நெடுக, ஒரு பலகைக்கல்,
அதன்மேல் ஒரு முள்,
கீழே ஆயிரம் அடி இருட்டு.
தண்ணீர் வந்த குழிக்கு மோட்டார் இருக்கிறது,
சத்தம் இருக்கிறது, மாலை போட்ட போட்டோ இருக்கிறது.
வராத குழி யார் வீட்டு விசேஷத்திலும் பேசுவதில்லை.

அதனால் நானே கேட்டேன்.
கேனைத் தூக்கி வைக்கிற ஒவ்வொருவரிடமும்:
எத்தனை அடி? வந்ததா? இடம் சொன்னது யார்?
சிலர் சிரித்தார்கள். கருப்பாத்தாள் மட்டும்
மூன்றாவது குழியைச் சொல்லும்போது
குரலைத் தாழ்த்திக்கொண்டாள்,
வீட்டுக்குத் தெரியாத கடனைச் சொல்வதுபோல.

ஒன்பது நாளில் முப்பத்தொரு குழி.
தண்ணீர், ஒன்பதில்.
தேங்காய் நின்ற இடம் பதினாலு, வந்தது நாலு.
தேங்காயே போகாத இடம் பதினேழு, வந்தது அஞ்சு.
மாரப்பண்ணன் பொய்யர் இல்லை.
நன்றி சொல்ல வருகிறவர்கள் மட்டும்தான்
அவர் வாசலுக்கு வருகிறார்கள்.

எண்ணூற்று ஐம்பதைத் தாண்டியவர்கள் ஆறு பேர்.
கிடைத்தது ஒருவருக்கு.
லாரி வருவதற்கு முந்தின இரவு, சோறு தின்றபின்,
காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதினேன்:
850. நிறுத்து.
கையெழுத்தும் போட்டேன்.
நாளைக்கு வேறொருத்தி அங்கே நிற்பாள் என்று தெரியும்.

நின்றாள்.
ராத்திரி இரண்டு மணி. தலையில் துண்டு.
லைட் வெளிச்சத்தில் வெள்ளைப் புழுதியாய்
மேலே போய்க்கொண்டிருந்தன
எங்கள் எருமைகள் இரண்டும் ஒரு நகைச்சீட்டும்.
"எண்ணூத்தம்பதுங்கக்கா," என்றான் ரிக் ஓட்டுகிற பையன்.
"ஈரமாட்ட இருக்குது. இன்னொரு நூறு போட்டுப் பாக்கலாங்களா?"
"இத்தன போட்டாச்சு" என்றார் வீட்டுக்காரர்.

அந்த 'ஆச்சு'தான்.
நிறுத்தினாலும் துளைத்தாலும்
குழியிலிருந்து ஒரு ரூபாய் ஏறி வராது.
கேள்வி அடுத்த நூறடியைப் பற்றியது,
அதற்குப் போன அடிகள் சாட்சி சொல்லாது.
இதெல்லாம் எனக்குத் தெரியும்.
தெரிந்தும் என் வாய்
"செரி, அம்பது மட்டும்" என்று திறந்தது.
ரவிக்கைக்குள் வைத்த தாள் வேர்வையில் ஒட்டி உறுத்தியது.
"நிறுத்துங்க" என்றேன்.
ரிக் நின்றபோது
பக்கத்து ஊர் நாய் குரைப்பதுகூடக் கேட்டது.

பதினோராம் நாள்
வேலிக்கு அந்தப்பக்கம் அர்த்தநாரி போட்டார்.
ஆயிரத்து நாற்பதில் பீறிட்டது.

"இன்னொரு எரநூறு போட்டிருந்தா"
என்று தொடங்கின எல்லா வாயும்.
வீட்டுக்காரர் மூன்று நாள் பேசவில்லை.
நாலாம் நாள், "உன்ற நோட்டு..." என்று பாதி.

தப்பு செய்தேன் என்று ஒப்புக்கொள்ளப் பார்த்தேன்.
வரவில்லை.
கண்ணை மூடிக்கொண்டு பைபாஸைத் தாண்டியவன்
அந்தப்பக்கம் உயிரோடு நிற்கிறான்,
அதனால் நானும் கண்ணை மூட வேண்டுமா?

ஆனாலும் நோட்டு நோட்டுதான்.
முப்பத்திரண்டு: நாங்கள், வறண்டது.
முப்பத்துமூன்று: அர்த்தநாரி, 1040, தண்ணீர்.
ஆறில் ஒன்றை அடித்து ஏழில் இரண்டு.
இன்னும் நாலு பேர் போட்டால் என் 850 மாறலாம்.
மாறட்டும், பென்சிலில்தான் எழுதியிருக்கிறேன்.

ராத்திரியெல்லாம் அவர் மோட்டார் ஓடுகிறது.
நல்ல தண்ணீர்தான்.
காலையில் அர்த்தநாரி வீட்டுப் பாலில்
கருவியை விடும்போது மட்டும்
கொஞ்சம் அதிக நேரம் பார்க்கிறேன்.