மூன்றாம் சிலிண்டர்

மூன்று வாரமாக பிளாக் ஸ்டாண்டில் தொங்குகிறது.
பக்கத்தில் சிமெண்ட் மூட்டை, பிரிக்காமல்.
குவாயாமாவில் மின்சாரம் போய்
தெருவெல்லாம் ஜெனரேட்டர் இருமும் இரவில்
டார்ச் அடித்துப் பார்க்கிறேன்
சிலிண்டரை அல்ல,
அதைச் சுற்றித் தண்ணீர் போகிற வழியை.

விரல் நுழையாத சந்து.
முப்பது வருடத் துரு
டீத்தூள் போல உதிர்கிறது.

அங்கேதான் ஊற்றச் சொல்கிறான் நோயெல்.
"பாதி உயரம் போதும், ஸுலைகா.
சுவர் அப்புறம் அசையாது.
முப்பது பவுண்டு பூஸ்ட் கொடு,
மலை மாதிரி நிற்கும்."

அவன் வண்டி அப்படித்தான் நிற்கிறது,
டிரெய்லர் மேல்.
சலீனாஸில் கால் மைல் போகும்.
பத்து நொடி.
திரும்பி வருவதற்குள் கொதித்துவிடும்,
கயிறு கட்டி இழுக்க நான்தான் போவேன்.

என் வண்டிக்கு வேறு வேலையும் உண்டு.
மாத்திரைத் தொழிற்சாலையில் இரவு ஷிப்ட்,
போக முப்பத்தெட்டு நிமிடம், வர அதற்கு மேல்.
புயல் வருகிறதென்றால் பெட்ரோல் வரிசை,
ஒரு மணி நேரம் ஊர்ந்து ஊர்ந்து,
ஊசி சிவப்பைத் தொடாமல்.

காகுவாஸுக்குக் கொண்டுபோனேன்.
அவில்டா ஒலியால் சுவரை அளப்பவள்.
பசை தடவி,
சட்டைப் பொத்தான் அளவுக் கருவியை ஒட்டி,
கடைக்காரி சில்லறை எண்ணுவது போலச் சொன்னாள்:
ஒன்று, நாலு புள்ளி மூன்று.
இரண்டு, நாலு புள்ளி ஒன்று.
மூன்றில் நின்றாள்.
கருவியைத் துடைத்தாள்.
மறுபடி வைத்தாள்.

இரண்டு புள்ளி ஒன்பது.
பிஸ்டன் சாய்ந்து இடிக்கிற பக்கத்தில்.

எங்கோ ஜப்பானில், வார்த்த அன்று
மண் அச்சு மயிரிழை நகர்ந்திருக்கிறது.
யாரோ மதியச் சோற்றுக்கு அவசரப்பட்ட நாளாக இருக்கலாம்.
அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை.
நானும் ஷிப்டில் வேலை பார்ப்பவள்.

"ஊற்றட்டுமா?"
"ஊற்றலாம்," என்றாள். "ஊற்றாமலும் ஓட்டலாம்.
இரும்பை என்னால் அளக்க முடிகிறது.
நீ எவ்வளவு மிதிப்பாய் என்பதை முடியவில்லை."
பில் எழுதியபடி சேர்த்துக்கொண்டாள்:
"ஊற்றினதை யாரும் எடுத்ததில்லை."

மதில் மேல் பூனைக்காவது
மதில் எத்தனை மில்லிமீட்டர் என்ற கவலை இல்லை.

ஷிப்ட் அட்டவணையின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டேன்.
பதினாலு பவுண்டுக்குத் தாங்கும்.
பதினெட்டுக்குத் தாங்கலாம்.
இருபத்திரண்டு என்று எழுதி
அடித்தேன். திரும்ப எழுதினேன்.
அந்த அட்டவணையோடே வேலைக்குப் போய்
சூப்பர்வைசரிடம் நீட்டிவிட்டேன்.
இருபத்திரண்டு யார் என்று கேட்டார்.

வியாழன் ராத்திரி பெய்த மழை
ஷட்டருக்கு அடியில் உள்ளே வந்தது.
காலையில் மூட்டையைத் தூக்கினேன்,
தூக்க வரவில்லை.
கத்தியால் கீறிப் பார்த்தால்
காகிதத்தின் மடிப்புகூட அப்படியே பதிந்து
உள்ளே ஒரு தலையணை, கல்லாலானது.

நோயெல் தரையில் உட்கார்ந்து சிரித்தான்.
வேறு மூட்டை கேட்டு எழுதினான்.
கப்பலில் வர ஒரு மாதம்.

ஞாயிறு பந்தயம்.
காத்திருக்க எனக்குப் பொறுமை இல்லை என்பதை
நியாயம் என்று சொல்லிக்கொள்ள மாட்டேன்.
பிஸ்டனை ஏற்றினேன், தலையை இறுக்கினேன்,
சந்துகளில் தண்ணீரை விட்டேன்,
பதினாலில் பூட்டினேன்.

பன்னிரண்டு புள்ளி நாலு.
வெள்ளை மஸ்டாவிடம் அரை வண்டி நீளத்தில் தோற்றேன்.
கடைசி நூறு அடியில்
வலது கால் இன்னும் கேட்டது.
கொடுக்க எதுவும் இல்லை, நானே பூட்டியிருந்தேன்.
அழுதேனா என்று நோயெல் கேட்டான்.
ஹெல்மெட்டைக் கழற்றவில்லை.

பிறகு சாவியைத் திருப்பி
வீட்டுக்கு ஓட்டி வந்தேன்.
கயிறு இல்லாமல்.
சுங்கச் சாவடியில் நின்று, பாலத்தில் நின்று,
வழியில் இரண்டு பை ஐஸ் வாங்கிக்கொண்டு.

எங்கள் தெரு சரிவு.
கல் தலையணையைப் பின் சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்தேன்.
நன்றாகத்தான் தாங்குகிறது.

புது மூட்டை போன வாரம் வந்தது.
பிளாஸ்டிக் சுற்றி, இரண்டு முறை சுற்றி,
மேல் அலமாரியில் வைத்திருக்கிறேன்.
நோயெல் தேதி கேட்கிறான்.
பானெட்டைத் திறந்து
மூன்றாம் சிலிண்டர் பக்கம் கை வைக்கிறேன்.
சூடு.
கையை எடுக்காமல் வைத்திருக்கக்கூடிய சூடு.