கஃபீல்

போன மாதம் விசா புதுப்பிக்கப் போனோம்.
யார் விசாவில் யார் என்று கேட்டான்
டைப்பிங் சென்டர்ப் பையன்.
என் விசாவில் இவர் என்றேன்.
முப்பத்தொரு வருஷம் லிஃப்ட் கம்பெனியில் இருந்த அருமைநாயகம்
என் பெயருக்குக் கீழே
ஒரு கட்டத்துக்குள் போனார்.
போட்டோவுக்குக் கண்ணைத் திறக்கச் சொன்னார்கள்.
திறந்தார்.
எதைப் பார்க்க என்றுதான் தெரியவில்லை.

அன்று ராத்திரி ஆரம்பித்தது.
டூட்டி உடுப்பை வாஷிங் மெஷினில் திணித்துக்கொண்டிருந்தேன்.
செருப்பை ஓரமாகக் கழற்றிவிட்டு
சமையலறை வாசலில் கைகட்டி நின்றார்.
இந்தியில் பேசினார்.
வந்த புதிதில் முஸஃபா சைட்டில் பொறுக்கிய
வினைச்சொல்லே இல்லாத இந்தி.
மேடம், பாஸ்போர்ட்.
மேடம், ஊர்.
மேடம், வீட்டுக்காரி தனியா.

அந்த பாஸ்போர்ட் அப்போது
ஒரு அரபியின் இரும்பு அலமாரிக்குள் இருந்தது.
மாமா செத்த அன்றும் உள்ளேதான் இருந்தது.
இவர் சொன்னதில்லை.
கூடத் தங்கியிருந்த சவரிமுத்து சொன்னது.
பெயர் தெரியாத அந்த மனிதனை
எத்தனை ஜெபத்தில் சபித்திருக்கிறேன்.

நான் எப்சிபா என்றேன், தமிழில்.
மரியாதையாகச் சிரித்தார்.
புரியாத மொழிக்குச் சிரிக்கும் சிரிப்பு.

எனக்கும் இந்தி வரும். வார்டு கொடுத்த இந்தி.
எத்தனை நாள் வேண்டும் என்றேன்.
அறுபது என்றார்.
உடனே பயந்து
நாற்பத்தைந்து போதும் மேடம்.
கல்யாணமாகி அஞ்சு மாசம்தான்.

அவள் எப்படி?

கேட்டிருக்கக் கூடாது. கேட்டேன்.
ஃபிரிட்ஜின் இரைச்சல் நின்று மறுபடி தொடங்கும்வரை யோசித்தார்.
காகிதம் போடுவா மேடம்.
கடைசி வரியில ஒரு சண்டை வெச்சிருப்பா.
நான் பதில் போடணும்னு.
எனக்குத் தெரியும்கிறது அவளுக்குத் தெரியாது.

கரண்ட் பில்லின் பின்பக்கம்
லீவு எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.
பாஸ்போர்ட்டைக் கையில் கொடுத்தேன்.
இரண்டு கையாலும் வாங்கினார்.

காலையில் ஒன்றும் நினைவில்லை.
ராத்திரி மறுபடி வந்தார். அதற்கடுத்த ராத்திரியும்.
சட்டைகளைத் துவைத்தால்
மெஷின் வடிகட்டியில் கூழாக வருகிறது
நான் கொடுத்த விடுமுறை எல்லாம்.

மகள் கோயம்புத்தூரிலிருந்து கணக்குச் சொல்கிறாள்,
அங்கே ஹோமுக்கு மாதம் எவ்வளவு,
இங்கே வாடகை எவ்வளவு.
கணக்கு சரிதான்.
நான் வேலையை விட்டால் மாத்திரை யார் வாங்குவது
என்ற வரி மட்டும் அதில் இல்லை.

ஆறு பத்துக்கு ஆஸ்பத்திரி பஸ்.
வெளியிலிருந்து பூட்டுகிறேன்.
ஒரு சாவி வாட்ச்மேன் மொஜிபுரிடம், இன்னொன்று என் பையில்.
எக்ஸ்ரேக்கு மூச்சை அடக்கச் சொல்லிவிட்டு வரும் இடைவெளிகளில்
போனில் கேமராவைப் பார்க்கிறேன்.
கதவுக்குப் பக்கத்துச் சுவரில்,
இடுப்பு உயரத்துக்குக் கொஞ்சம் மேலே,
விரலால் அழுத்துகிறார். ஒரே ஒரு தடவை.
திரும்பத் திரும்ப அழுத்துகிறவர்களை அவருக்குப் பிடிக்காது.
பிறகு காதைச் சாய்த்து
கம்பி ஓடும் சத்தத்துக்காகக் காத்திருக்கிறார்.
இந்த நகரத்தில் அவர் மாட்டிய லிஃப்ட் ஒன்றும்
வராமல் போனதில்லை.

என் பையில் சாவி கனக்கிறது.
சபித்த வாயை எங்கே கொண்டுபோய்க் கழுவ.

நேற்று லீவு எழுதி முடித்து
கையெழுத்துக்குக் கீழே
தமிழில் ஒரு வரி சேர்த்தேன்:
போன தடவை கொண்டுவந்த டார்ச் லைட் எரியவே இல்லை,
நல்லா ஏமாந்திருக்கிறீர்கள்.

வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார்.
மடித்துப் பைக்குள் வைத்தார்.
ஒன்றும் சொல்லாமல் போய்ப் படுத்தார்.
நானும் படுத்தேன்.

ஏசி ஒரு தடவை உதறி நின்றது.
இருட்டுக்குள்ளிருந்து,
தமிழில்:

பேட்டரி போட்டாளாமா?