வலது மேல் மூலை

அந்தப் பொத்தானை அங்கே வைத்தது நான்தான்.
மத்தியானம். சூடேற்றிய அறை.
அகலத் திரையில் மவுஸால் இழுத்துக்கொண்டுபோய்
வலது மேல் மூலையில் விட்டேன்.
இடம் காலியாக இருந்தது, அவ்வளவுதான்.

இன்று உலான்பாத்தரில் மைனஸ் முப்பத்தொன்று.
ஓட்கோனின் வேனில், பார்சல்களுக்கு நடுவே
முழங்காலை மடக்கி உட்கார்ந்திருக்கிறேன்.
"போய்ப் பார்த்துவிட்டு வா" என்றார் மேலாளர்.
எதைப் பார்க்க என்று அவருக்கும் தெரியாது.

முதல் கதவு.
இடது அக்குளில் பெட்டி.
வலது கையுறையைப் பல்லால் கடித்து உருவுகிறாள்.
போனை உள்ளங்கையில் சாய்த்துக்
கட்டைவிரலை நீட்டுகிறாள். எட்டவில்லை.
போனை நழுவவிட்டு நழுவவிட்டுப் பிடிக்கிறாள்,
அடியில் சுண்டுவிரல் முட்டுக்கொடுக்கிறது.
(ஓட்கோன் என்றால் கடைக்குட்டி என்று அர்த்தம்.)
'ஒப்படைத்தேன்' பச்சையாகிறது.
கையுறை இன்னும் பல்லில்.

இப்படி நாற்பத்திரண்டு கதவுகள்.
விரலடியில் ஒரு வலி முடிச்சு இருக்கிறதாம்,
ராத்திரி ஆட்டுவால் கொழுப்பைத் தேய்ப்பாளாம்.
பதினேழாவது மாடிப்படியில்
யாரையும் பார்க்காமல் கேட்டாள்:
"இதை எந்தப் புண்ணியவான் இங்கே வைத்தான்?"
மாற்றிவிடலாம் என்றேன்.
அதற்குமேல் சொல்ல வாய் வரவில்லை.

அன்று மாலையே கீழே இறக்கினேன்,
கட்டைவிரல் சும்மா கிடக்கும் இடத்துக்கு.
"அங்கே 'ரத்து' இருக்கிறதே" என்றான் தெமூலென்.
அதை மேலே தூக்கிப் போட்டேன்.
பழைய மூலை. இடம் காலியாகத்தானே இருந்தது.

திங்கள் காலை ஒன்பதரைக்கு அவள் அழைப்பு.
ஆறு பெட்டி கொடுத்தாயிற்று,
ஆறும் ரத்து.
"அறிவிப்பைப் படித்தேன், தம்பி.
என் விரலுக்கு யார் படித்துக் காட்டுவது?
மூன்று வருஷமாக அங்கேதானே போய்வருகிறது."
சொற்கள் குழறின.
குளிரா என்று கேட்கப் போனேன்.
கையுறை. பல்லில் கையுறை.
அந்தத் திரை இன்னமும் வெறும் தோலைத்தான் கேட்கிறது;
அதற்கு என்னிடம் எந்தப் பொத்தானும் இல்லை.

'ரத்தை' உள்ளே, இரண்டு தட்டுக்கு அப்பால் ஒளித்தேன்.
மூலையில் இப்போது ஒன்றுமில்லை.
"இவ்வளவு இடம் வீணாகிறதே,
ஏதாவது விளம்பரம் வைக்கலாமா?" என்கிறான் தெமூலென்.

வேண்டாம்.
அங்கே இன்னும் ஒரு விரல் வந்துபோகிறது.