பின்பலகை

குன்னூர் பெட்போர்டில் ஏலக்கடை.
நான் அங்கே பட்டியல் எழுதுகிறவன்.
க்ளென்வில் பங்களாவைக் கலைத்த வாரம்
நாற்பத்தொன்றாம் எண்ணுக்கு எழுதினேன்:
ஈட்டி மர சைடுபோர்டு. சிங்கப் பாதம் நான்கு,
ஒன்றில் ஒரு நகம் இல்லை.
திராட்சைக் கொத்து, கொடி, பெல்ஜியம் கண்ணாடி.
தோட்டத்துரை குடும்பத்தின் உடைமை.

கடைசி வரிக்குத்தான் விலை.
மரத்துக்கு என்ன, மழையில் கிடந்தால் விறகு.

எழுதாமல் விட்டது ஒன்று.
முகமெல்லாம் ஈட்டி, முதுகு
தேயிலைப் பெட்டிப் பலகை.
எந்தத் துரையும் அதன் பின்னால் போய் நின்றதில்லை.
போனவர்கள் ஒட்டடை அடிக்கப் போனவர்கள்,
அவர்கள் ஏலத்துக்கு வருவதில்லை.

மருதைவீரன் வந்தார்.
ஆறு வயதில் தலைமன்னாரில் கப்பலேறியவர்,
இப்போது மூன்று பிக்கப்பில் பச்சை இலை ஏற்றுகிறார்.
ஒவ்வொரு கேள்விக்கும் குடையைத் தூக்கினார்.
ஊட்டி ஓட்டல்காரர் எழுபதாயிரத்தில் எழுந்துபோனார்.

ஏற்றும்போது கயிறு நழுவி
மேசை திரும்பிக்கொண்டது.
கறுப்பு மையில் எடை, எண்,
பாதி அழிந்த தோட்டப் பெயர்.
கட்டைவிரலால் தடவினார்,
கண் தெரியாதவர் காசு பார்ப்பதுபோல.
விலை குறைக்கச் சொல்வார் என்று
பதிலைத் தயார் செய்துகொண்டிருந்தேன்.
என் சட்டைப்பையில் ஐந்நூறு செருகி
"செவரோட ஒட்டிப் போட்டுரணும் தம்பி" என்றார்.

அரவேணுவில் புது வீடு.
வாசல் இரண்டே முக்காலடி.
தோரணத்து மாவிலை உதிரும் முன்பே
நிலையைப் பெயர்க்கக் கொத்தனார் வந்தார்.

ஃபாக்டரி முதலாளி முதன்முதலாக
அந்த வீட்டுக்குக் காப்பி குடிக்க வந்த ஞாயிறு
என்னையும் கூப்பிட்டிருந்தார், ஏன் என்று சொல்லவில்லை.
பிளாஸ்டிக் உறை கழற்றாத சோபாவில்
முதலாளி அமர்ந்ததும் சத்தம் வந்தது,
யாரும் சிரிக்கவில்லை.
இழுப்பறையில் ரேஷன் கார்டு, சர்க்கரை மாத்திரை, உர பில்.
மேலே, விலைச்சீட்டு கிழிக்காத கண்ணாடி ஜாடி.

முதலாளி எழுந்து சிங்கத்தின் பிடரியைத் தடவினார்.
"பழைய வேலைப்பாடு. பின்பக்கம் எப்படிப் பூட்டியிருக்கான்,
கொஞ்சம் நகத்துங்க, பார்ப்போம்."

"செவத்துல ஈரம் சார்," என்றார் மருதைவீரன்.
"பெயின்ட் கையோட வந்துரும்."

நாலு மாதமாக மழையே இல்லை.

கண்ணாடிக்குள் என்னைப் பார்த்தார்.
நான் வடையைப் பார்த்தேன்.
தன் வீட்டில், தன் மேசையின் மூலையில் கை ஊன்றி
அவர் மட்டும் இன்னும்
உட்காராமல் நின்றிருந்தார்.